லேசர் சில்லு: வேஃபர் முதல் அளவீட்டு மேசை வரை

நேயர்களுக்கு வணக்கம்.

1962-இல் காலியம் ஆர்சனைடு படிகத்திலிருந்து குறைகடத்தி லேசர் ஒளி முதன்முதலாகக் கிடைத்தது. திரவ நைட்ரஜனின் குளிரில், சிறுசிறு துடிப்புகளாக மட்டுமே அது எரிந்தது. அறை வெப்பநிலையில் இடைவிடாமல் ஒளிர 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அல்ஃபேரோவ் குழுவினர் சோவியத் நாட்டிலும், ஹயாஷியும் பானிஷும் பெல் ஆய்வகத்திலும் அதைச் சாதித்தார்கள். மின்துகள்களையும் ஒளியையும் ஒரே மெல்லிய அடுக்குக்குள் அடைத்ததால் தேவையான மின்னோட்டம் குறைந்தது, வெப்பமும் அடங்கியது. இன்றும் ஆய்வக லேசர்களில் பெரும்பாலானவற்றைத் தோற்கடிப்பது வெப்பம்தான்.

நிதி கேட்டு எழுதும் திட்டங்களில் படிக அடுக்கு வளர்க்கும் கருவிக்கும் தூசியில்லாத துப்புரவு அறைக்கும் பெருந்தொகை ஒதுக்குகிறார்கள். சில்லுகளாகப் பிளத்தல், தாங்கியில் பற்றவைத்தல், அளத்தல் ஆகியவற்றுக்கு மிச்சம் மீதிதான். லேசரின் தலையெழுத்து அந்தக் கடைசிப் படிகளில்தான் தீர்மானமாகிறது என்பதால், பணமும் காலமும் அங்கே போதுமான அளவு இருக்க வேண்டும்.

அடுக்குகளை நாமே வளர்ப்பதென்றால் பெரும்பாலும் ஆர்சீன், பாஸ்பீன் போன்ற கொடிய நச்சு வாயுக்களைக் கையாள வேண்டும். கசிவு உணரிகளும் கழிவுவாயுச் சுத்திகரிப்பும் வளர்ப்பு நடக்காத நாளிலும் இயங்கியாக வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்துக்கு வேஃபரை, அதாவது அடுக்குகள் வளர்க்கப்பட்ட மெல்லிய படிகத் தகட்டை, வெளியே வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. வந்ததும் நேரடியாக முழு வடிவமைப்பில் இறங்காதீர்கள். 100 மைக்ரான் அகலப் பட்டை கொண்ட எளிய லேசர்களை முதலில் செய்து பாருங்கள். வேஃபரின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

இருபுறமும் அரித்து நடுவில் குறுகிய மேட்டை மட்டும் விடும் மேட்டு வடிவ லேசரில் அரிப்பின் ஆழம் முக்கியம். ஆழம் போதாவிட்டால் மின்னோட்டம் பக்கவாட்டில் பரவி வீணாகும். ஒளி அடுக்கையே வெட்டிவிட்டால் வெட்டுப்பரப்பில் மின்துகள்கள் ஒளி தராமலே அழியும். ஒளி ஒரே பரவல் வடிவில் நில்லாமல் பல வடிவங்களில் (modes) எழுவதும் தொடங்கும்.

பிறகு வேஃபரின் அடிப்புறத்தைத் தேய்த்து 100 முதல் 120 மைக்ரான் வரை மெலிக்க வேண்டும். தடிமன் குறையாமல் பிளந்தால் ஒளி வெளிவரும் முனைப்பரப்பு, அதாவது முகம், படிக்கட்டாகச் சிதறும். விளிம்பில் மட்டும் சிறு கீறல் போட்டு, கண்ணாடி வெட்டுபவர் ஒடிப்பதுபோல் படிகத் தளத்தின் வழியே பிளக்க வேண்டும். கீறலை ஒளி வெளிவரும் இடம் வரை இழுத்தால் முகம் கெட்டது. நன்றாகப் பிளந்த முகம் பூச்சு ஏதும் இல்லாமலே ஒளியில் சுமார் 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். லேசருக்கு அதுவே கண்ணாடி.

சில்லைத் தாங்கிமீது பொருத்தப் பெரும்பாலும் தங்கம்-வெள்ளீயப் பற்றாசு பயன்படுகிறது. 80-க்கு 20 என்ற எடை விகிதத்தில் அது 280 டிகிரி செல்சியஸில் உருகும். அடியில் ஒரு வெற்றிடக் குமிழ் நின்றாலும் அந்த இடம் மட்டும் கொதிக்கும்.

இனி அளவீடு. முதலில் 1 மைக்ரோவிநாடித் துடிப்பை விநாடிக்கு 1,000 முறை கொடுங்கள். சில்லு சூடேற நேரமிருக்காது. அதற்குப் பிறகு தொடர் மின்னோட்டம். லேசர் ஒளிரத் தொடங்கத் தேவையான தொடக்க மின்னோட்டம் துடிப்பில் குறைவாகவும் தொடர் ஓட்டத்தில் மிக அதிகமாகவும் வந்தால் பற்றவைப்பையோ தொடுமுனை மின்தடையையோ சந்தேகியுங்கள். துடிப்பிலேயே அதிகமென்றால் குற்றம் அடுக்கிலோ அரிப்பிலோ முகத்திலோ இருக்கிறது. இந்த ஒரு ஒப்பீடு வாரக்கணக்கான வீண் தேடலை மிச்சப்படுத்தும்.

300, 500, 750, 1,000 மைக்ரான் என வெவ்வேறு நீளங்களில் பிளந்து, ஒவ்வொரு நீளத்திலும் பல சில்லுகளை அளக்க வேண்டும். வேறுபாட்டுத் திறனின் (கூடுதல் மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு கூடுதல் ஒளியாகிறது என்பதன்) தலைகீழ் மதிப்பை நீளத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். நீளம் பூஜ்யமாகும் இடத்தில் அது வெட்டும் மதிப்பிலிருந்து உட்திறனும் (உள்ளே மின்னோட்டம் ஒளியாகும் பங்கு), சரிவிலிருந்து உள்ளிழப்பும் (சில்லுக்குள்ளேயே ஒளி வீணாகும் அளவு) வரும். ஒரு முகத்தின் ஒளியை மட்டும் அளந்து இரண்டுக்கும் கணக்கிட மறந்தால் திறன் பாதியாகத் தெரியும். சில்லிலிருந்து ஒளி அகன்ற கோணத்தில் விரிவதால், சிறிய உணரியைத் தள்ளி வைத்தாலும் பிழைதான். உணரியை நெருக்கமாக வையுங்கள், அல்லது ஒளி முழுவதையும் உள்ளே சேர்த்து அளக்கும் ஒருங்கிணைப்புக் கோளத்தைப் பயன்படுத்துங்கள்.

நிலைமின்சாரம் சத்தமில்லாமல் லேசரைக் கொல்லும். மணிக்கட்டுப் பட்டை கட்டாமல் தொடக்கூடாது. மின்வழங்கி இயங்கும்போது கம்பியைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. எதிர்த்திசையில் மின்னழுத்தம் தரும்போது கசியும் மின்னோட்டம் திடீரென உயர்ந்திருந்தால் இந்தச் சேதமாக இருக்கலாம். நிறமாலை அமைதியில்லாமல் தாவினால், ஒளியைக் கொண்டுசெல்லும் ஒளியிழையின் முனையிலிருந்து ஒளி திரும்புகிறதா என்று பாருங்கள். 8 டிகிரி சாய்த்த முனையும் ஒருவழி ஒளித்தடுப்பானும் உதவும்.

சிலிக்கான்மீது நேரடியாக வளர்க்கும் திட்டங்களில் ஆயுள் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. காலியம் ஆர்சனைடுக்கும் சிலிக்கானுக்கும் படிக இடைவெளி சுமார் 4 விழுக்காடு பொருந்தாது. இண்டியம் பாஸ்பைடுக்கு 8. அதனால் எழும் இடப்பெயர்வுகள் எனும் படிகக் குறைகள், லேசர் ஓட ஓட, ஒளி தராத இருண்ட கோடுகளாக வளரும். ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓட வேண்டிய சோதனையைத் திட்டத்தின் இறுதி மாதங்களில் தொடங்க முடியாது. இரண்டாம் ஆண்டிலேயே, அரைகுறைச் சில்லுகளோடு ஆனாலும் தொடங்குங்கள். மாறாத மின்னோட்டத்தில் ஒளி மெல்லத் தேய்ந்தால் குறை பொருளின் உள்ளே இருக்கிறது. ஒரே நொடியில் அணைந்தால் நுண்ணோக்கியில் முகத்தைப் பாருங்கள். உருகிய தடம் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.