பதினெட்டு ஹோலும் ஒரு கேடியும்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, பஞ்சாலை வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பம்ப்செட் தொழிலதிபர் அவர்களே, ஊட்டியிலிருந்தும் வெலிங்டனிலிருந்தும் மலை இறங்கி வந்திருக்கும் நண்பர்களே, செட்டிபாளையத்துப் பக்கமிருந்து வந்து கடைசியில் சுவரோரமாக நிற்கும், ஆட்டக்காரரின் கோல்ஃப் பையைச் சுமந்து யோசனை சொல்லும் கேடித் தம்பிகளே (உட்காருங்க கண்ணுகளா, நாற்காலி நிறையக் கிடக்குது), எல்லோருக்கும் வணக்கமுங்க.

கோல்ஃப் பற்றி ஐந்து செய்தி சொல்கிறேன். டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், எங்கே நிற்பது, காற்றை எப்படிக் கணக்குப் போடுவது, தண்ணீருக்கு முன்னால் எங்கே நிறுத்துவது, பங்கர் என்ற மணல்குழி, பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் புட்டிங். இந்த ஐந்துக்கும் ஒரே பழமொழி போதும்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

முதலில் டீ. டீயிலிருந்து கொடி நட்ட குழி வரை ஒரு ஹோல். பார் 4 என்றால் அதை நான்கு அடியில் முடிப்பது கணக்கு: குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையான கிரீனை அடைய இரண்டு அடி, கிரீன் மேல் இரண்டு புட். அதனால் கணக்கைக் கிரீனிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கொடி வலது ஓரத்தில், வலப்பக்கம் பங்கர் என்றால், இரண்டாவது அடியை, டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள வெட்டிய புல்வெளியான ஃபேர்வேயின் இடது பாதியிலிருந்து அடிப்பதுதான் வசதி. அங்கே பந்தை எந்தக் கிளப் (அடிக்கும் மட்டை) கொண்டுபோய் வைக்குமோ அதை எடுங்கள். பையில் அதிகத் தூரம் அடிக்கும் ட்ரைவர் இருக்கிறது என்பதற்காக அதை எடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பந்தைத் தாங்கும் டீக் குச்சியை ஊன்ற இரண்டு அடையாளங்களுக்கு நடுவே முழு அகலமும் உங்களுடையது. பின்னால் இரண்டு கிளப் நீளம் வரை போகலாம். ஆபத்து வலப்பக்கம் என்றால் வலது ஓரத்தில் டீ வைத்து, அதை விட்டு விலகி இடப்பக்கம் குறிவையுங்கள். நிறையப் பேர் பயந்துகொண்டு எதிர் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நின்று அடித்தால் பந்து ஆபத்தைப் பார்த்துத்தான் போகும்.

திடலின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் குச்சியும், தண்ணீர் போன்ற தண்டனைப் பகுதியைக் காட்டும் சிவப்புக் குச்சியும் ஒன்றல்ல. சிவப்புக்குள் போனால் ஒரு அடி தண்டனை, பக்கத்திலேயே பந்தைப் போட்டுக்கொள்ளலாம். வெள்ளையைத் தாண்டினால் ஒரு அடியும் போச்சு, தூரமும் போச்சு. அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மூன்றாவது அடி. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு என்றால் சிவப்பின் பக்கம் சாய்ந்து அடிப்பவர்தான் புத்திசாலி. தொலைந்த பந்தைத் தேட 2019லிருந்து மூன்று நிமிடம்தான். சந்தேகமாக இருந்தால், தேடப் போகும் முன்பே 'புரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிட்டுப் போங்கள்.

துணைத்தலைவர் அவர்கள் இப்போதுதான் வருகிறார், வணக்கமுங்க. அவிநாசி ரோட்டு நெரிசல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாங்க, மேடைக்கே வாங்க. தம்பி, ஐயாவுக்கு ஒரு சால்வை.

காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கேயிருந்து வீசுவது நமக்குப் புதிதில்லை. எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைல் என்றால் தூரத்தில் நூற்றுக்கு ஒன்று கூட்டுங்கள். பின்காற்றுக்கு அரைதான் கழிக்க வேண்டும். இருபது மைல் காற்றில் 150 யார்டு ஹோல், மேற்கே பார்த்து அடித்தால் 180, கிழக்கே பார்த்து அடித்தால் 135. ஏன் இந்த வித்தியாசம்? எதிர்க்காற்றில் பந்து மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. பின்காற்றில் அந்தத் தூக்கல் குறைவதால் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடி இன்னும் மேலேதான் ஏறும். மூன்று கிளப் கூட, அதாவது மூன்று படி அதிகத் தூரம் போகும் கிளப்பை எடுத்து மெதுவாக வீசுங்கள். புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பது முழங்கால் உயரத்துக் காற்றைத்தான் காட்டும். பந்து பறக்கும் உயரத்துக் காற்றுக்குத் தென்னை ஓலையைப் பாருங்கள். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்!

ஊட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே காற்று மெலிசு. கடல்மட்டத்தில் அடிக்கும் தூரத்தோடு நூற்றுக்கு எட்டு ஒன்பது கூடும். கோவையில் 150 யார்டு போகும் அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்) அங்கே 160ஐத் தாண்டும். சரிவில் பந்து பாதத்துக்கு மேலே இருந்தால், வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் திரும்பும். கீழே இருந்தால் வலப்பக்கம்.

மூன்றாவது, தண்ணீர். இதற்கு 1999 ஜூலையைச் சொல்லாமல் முடியாது. ஸ்காட்லாந்து, கார்னூஸ்டி, பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள், கடைசி ஹோல். பிரான்சுக்காரர் ழான் வான் டி வெல்ட் மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக எடுத்து முன்னிலையில் நிற்கிறார். அது பார் 4. ஆறு எடுத்தாலும் கோப்பை அவருக்குத்தான். ஆறு! நம்ம தம்பிகளே எடுத்துவிடுவார்கள். 487 யார்டு, நடுவே பேரி ஓடை வளைந்து வளைந்து ஓடுகிறது. அவர் எடுத்தது ட்ரைவர். பந்து வலப்பக்கம் ஓடிப் பதினேழாவது ஹோல் பக்கம் விழுந்தது. தப்பித்தார். இப்போதாவது குறைந்த தூரம் போகும் ஒரு வெட்ஜை எடுத்து ஓடைக்கு முன்னால் போட்டிருக்கலாம் இல்லையா? வெகுதூரம் போகும் இரண்டாம் எண் அயர்னை எடுத்தார்! பார்வையாளர் மேடையில் பட்டு, ஓடையின் கற்சுவரில் பட்டு, பின்பக்கமாகத் துள்ளி முழங்கால் உயரப் புல்லுக்குள் விழுந்தது. மூன்றாவது அடி, நேரே ஓடைக்குள். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி நின்றார்! உலகமே பார்க்கிறது. அவர் தண்ணீரைப் பார்க்கிறார், பந்து மூழ்கிக்கொண்டிருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அவருக்கு யார் சொல்வது? கடைசியில் நான்காவது அடியாகத் தண்டனை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். ஐந்தாவது அடி பங்கர். ஆறாவதில் வெளியே. ஏழாவதில் குழி. அந்தக் கடைசிப் புட்டை மட்டும் வெகு அழகாகப் போட்டார், அதையும் சொல்ல வேண்டும். மூவர் சமநிலை. நான்கு ஹோல் மறுஆட்டத்தில் வென்றவர், அன்று காலை பத்து அடி பின்தங்கியிருந்த ஆட்டக்காரர் பால் லாரி (Paul Lawrie).

நம் கணக்குக்கு வருவோம். 480 யார்டு பார் 5, கிரீனுக்கு 60 யார்டு முன்னால் தண்ணீர் தொடங்கி 30இல் முடிகிறது. ட்ரைவ், அதாவது முதல் அடி, 220 போனால் மீதி 260. அங்கிருந்து தண்ணீர் 200இல் தொடங்குகிறது, தாண்ட 230 பறக்க வேண்டும். உருண்டு போவது கணக்கில் வராது. மூன்றாம் எண் வுட் (ட்ரைவருக்கு அடுத்துத் தூரம் போகும் கிளப்) உங்களுக்கு 200 என்றால் அது சரியாகத் தண்ணீருக்குத்தான் போகும். ஏழாம் எண் அயர்னில் 140 அடியுங்கள், மீதி 120, ஒன்பதாம் எண். இதில் வீரம் ஒன்றும் இல்லை, ஆனால் ஸ்கோர் அட்டையில் வீரத்துக்குக் கட்டமும் இல்லை. தண்ணீர் இல்லாத ஹோலில் மட்டும் முடிந்தவரை கிட்டே போய்விடுங்கள். சித்திரை வெயிலில் இறுகிய ஃபேர்வேயில் உருளும் பந்து ஐப்பசி மழைக்குப் பிறகு விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். எனவே பறக்கும் தூரத்தையும் உருளும் தூரத்தையும் தனித்தனியாகக் குறித்து வைத்திருப்பது நல்லது.

இதையெல்லாம் மைதானத்தில் யார் உங்களுக்குச் சொல்வது? வான் டி வெல்ட் இடத்தில் நீங்கள் நிற்கும்போது "வேண்டாமுங்க, வெட்ஜ் எடுங்க" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் கேடியுடையது. நான் இன்று வந்ததே இதற்குத்தான். ஆழம் தெரிந்தவர் அவர்தான், ஆனால் காலை விடுபவர் அவரைக் கேட்பதில்லை.

என் கோரிக்கை இரண்டு. ஒவ்வொரு திடலுக்கும் தமிழில் ஓர் அளவுக் குறிப்பேடு வேண்டும். ஹோலுக்கு ஒரு பக்கம். நீர்தெளிப்பான் மூடி, தனி மரம் என்று நகராத பொருளாக மூன்று இடம் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து கிரீனின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு வரை தூரம். தண்ணீர் தொடங்கும் இடம், முடியும் இடம். கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்பதற்கு ஓர் அம்புக்குறி. முன்விளிம்பும் பின்விளிம்பும் 30 யார்டு தள்ளியிருந்தால் அது மூன்று கிளப் வித்தியாசம், ஆகவே "150" என்ற ஒற்றை எண்ணை நம்பி அடிக்கக் கூடாது. அளவுச் சக்கரமும் கயிறும் போதும். அளப்பவர்கள் கேடிகளாக இருக்க வேண்டும், அதற்குக் கூலி தர வேண்டும், குறிப்பேட்டின் அட்டையில் அவர்கள் பெயர் வர வேண்டும்.

இரண்டாவது, திடல் மூடியிருக்கும் நாளில் கேடிகள் விளையாட அனுமதி. விதிப்படி பதினான்கு கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கற்றுக்கொள்ள ஒரு வுட், 5, 7, 9 அயர்ன், ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு புட்டர் போதும். உங்கள் வீட்டுப் பரணில் தூங்கும் பழைய செட்டைக் கொடுங்கள். டெல்லியில் கேடியாக இருந்து வந்த அலி ஷேர்தான் 1991இலும் 1993இலும் இந்தியன் ஓபனை வென்றார். நம்ம பக்கத்திலிருந்து ஒருவர் வரக் கூடாதா?

பங்கரும் புட்டிங்கும் பாக்கி நிற்பது தெரிகிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் தெரிகிறது. பங்கருக்கு ஒன்றே ஒன்று: முதலில் விளிம்பைத் தாண்டும் கிளப்பை எடுங்கள், தூரத்தை அப்புறம் பார்க்கலாம். புட்டிங்கைக் கடைசியில் இருக்கும் கேடித் தம்பிகளிடமே கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இந்த இரண்டு கோரிக்கைக்கான தீர்மானத் தாள் மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. உறுப்பினர் எண்ணோடு கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். பழைய கிளப் தருபவர்கள் பக்கத்திலுள்ள நோட்டில் எழுதுங்கள், வலக்கையா இடக்கையா என்பதையும் சேர்த்து.