சூடா என்ன இருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். வார இறுதியில் வெளியே சாப்பிடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் எப்படிப் போதும் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். திருநெல்வேலிப் பையன். சிறுசேரியில் வேலை கிடைத்து, பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். சென்னைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஊரெல்லாம் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "எல்லாம் சரிதான் மாமா, சாப்பாடுதான் சரியில்ல. எதச் சாப்பிட்டாலும் ஒரே மாதிரி இருக்கு" என்றான்.

எங்கே சாப்பிடுகிறாய் என்றேன். "ரூம்லதான். போன்ல போட்டா வந்துரும்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக ஒரு ஹோட்டல் வாசலைக்கூட மிதிக்காமல் ஒருத்தன் சென்னைச் சாப்பாட்டுக்குத் தீர்ப்பு எழுதுகிறான்! ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. முறுகலான தோசையைக் கல்லிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு மூடினால், அதிலிருந்து கிளம்புகிற ஆவிக்குப் போக வழியில்லை. மூடியில் முட்டித் தண்ணீராகித் தோசையின் மேலேயே இறங்குகிறது. அரை மணி நேரத்தில் தோசை துவண்டு போகும். வடைக்கும் அதே கதிதான், பூரிக்கும் அதே கதிதான். மொறுமொறுப்பு, மெத்து, சூடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருந்த குணம் போய், எல்லாம் வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒரே பதத்துக்கு வந்துவிடும். அவன் மூன்று மாதமாகச் சாப்பிட்டது டப்பாவின் ருசியைத்தான்.

"இந்த சனி, ஞாயிறு என்னோட வா. பார்சல் கிடையாது. கடையில உட்கார்ந்துதான் சாப்பிடணும்" என்றேன். என் மனைவி, "நானும் வரேன், ரெண்டு நாள் அடுப்பு மூட்ட வேண்டாம்" என்றாள். அடுப்புக்கு விடுமுறை என்றால் அவள் எங்கே வேண்டுமானாலும் வருவாள்.

சனிக்கிழமை காலை மயிலாப்பூர். அருண்டேல் தெருவில் ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் ராயர் மெஸ். பெரிய பெயர், சின்ன இடம். உள்ளே இருப்பவர்கள் எழுந்தால்தான் வெளியே இருப்பவர்களுக்கு இடம். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு நிற்கிற மாதிரி சந்தில் நின்றோம். பையன் மூன்று தடவை போனை எடுத்து நேரம் பார்த்தான். முன்னால் நின்ற ஒரு பெரியவர் அவனைத் திரும்பிப் பார்த்து, "வடைக்கு நின்னா தப்பில்ல தம்பி" என்றார். அவர் யாரோ, எனக்குத் தெரியாது. மயிலாப்பூரில் வரிசைக்கு இப்படி ஒருவர் இருப்பார்.

உள்ளே உட்கார்ந்ததும் நான் கேட்டது, நம் எல்லோருக்கும் வாயில் தானாக வருகிற அந்தக் கேள்விதான்: "சூடா என்ன இருக்கு?"

யோசித்துப் பாருங்கள். அட்டை இருக்கும், சுவரில் பலகை இருக்கும். இருந்தாலும் கேட்போம். அதற்கு அர்த்தம் பட்டியலை ஒப்பியுங்கள் என்பதில்லை. இந்த நிமிஷம் உள்ளே அடுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், அதைக் கொடுங்கள் என்பதுதான். பரிமாறுகிறவரும் அதைப் புரிந்துகொண்டுதான் பதில் சொல்வார். பொங்கல் என்று வாய் சொல்லும்போதே கண் வடைச் சட்டிப் பக்கம் போனால், இரண்டு நிமிஷம் பொறுத்தால் நல்லது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இட்லி, பொங்கல், வடை, அந்தக் கெட்டிச் சட்னி. வடையைப் பிட்டபோது ஒரு சத்தம் வந்தது. பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஒன்று கேட்டான்.

வெளியே வந்து மாட வீதியில் காளத்தி கடையில் ரோஸ் மில்க். பத்திரிகைக் கடையாகவும் ரோஸ் மில்க் கடையாகவும் ஒருசேர ஓடுகிற கடை வேறு எங்கும் இருக்கிறதா, தெரியவில்லை. பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே பலகாரம் கொடுக்கிற ஜன்னல் கடையைத் தூரத்திலிருந்து காட்டினேன். அதற்கு மேல் வயிற்றில் இடம் இல்லை.

மத்தியானம் அவன் முறை. "நான் ஒரு இடம் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றான். பெயர் வேண்டாம். குளிரூட்டிய இடம், மெல்லிய வெளிச்சம், நாற்காலி மட்டும் என் வீட்டு சோபாவைவிட நன்றாக இருந்தது. பழக்க தோஷத்தில், "சூடா என்னப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். பரிமாற வந்த பையன் பாவம், மேஜையில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்டத்தைக் காட்டி, "ஸ்கேன் பண்ணுங்க சார், எல்லாம் அதுல இருக்கு" என்றான். நான் கேட்டது மட்டும் அதில் இல்லை.

சாப்பாடு மோசமில்லை. நாற்பது நிமிடம் கழித்து வந்தது. பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி.க்கு மேலே சேவைக் கட்டணம் என்று ஒரு வரி. இதை மட்டும் நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு விதி வெளியிட்டிருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் நம் விருப்பம். வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிட வேண்டும். சொன்னேன், எடுத்துவிட்டார்கள். எடுத்த தொகையில் பாதியைப் பரிமாறிய பையன் கையில் கொடுத்தேன். மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப ஏன் மாமா சண்டை போட்டீங்க?" சண்டை எங்கே போட்டேன், கேட்டேன், அவ்வளவுதான்.

வரும் வழியில் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்காவைக் காட்டினாள் மனைவி. இப்போது பூச்செடிகள் இருக்கிற அந்த இடத்தில்தான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. 1962இல் தொடங்கி 2008இல் மூடினார்கள். 2010இல் பூங்கா வந்தது. காரிலேயே உட்கார்ந்தால் தட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டுவார்கள். கார் இல்லாத நாங்கள் உள்ளே போய் உட்காருவோம். எங்கள் கல்யாணம் நிச்சயமான பிறகு இருவரும் முதன்முதலாகத் தனியாகக் காபி குடித்த இடம் அது. ஒரு காபி, ரெண்டு டம்ளர். பையனிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினோம். பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகள். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளையும் வியாபாரத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி இந்தத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக 1969இல் துறைமுகத்துக்கு எதிரிலேயே பஜார் வந்தது. அந்தக் கப்பல்களோடு வந்த ருசிதான் அத்தோ.

பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்கே கையால் கலந்தது என்றுதான் பொருள். கடைக்காரர் கை போகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், மிளகாய்த் தூள், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ. பேஜோ என்றால் தட்டையைப் போல மொறுமொறு என்றிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் தனியாகப் பிசைவார்கள். காரம் கூட வேண்டுமா, புளி குறைய வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே. சனிக்கிழமை என் மனைவிக்குக் கவிச்சி ஆகாது. "முட்டை வேணாம்பா" என்றாள். "தெரியும்மா, பொட்டு வெச்சிருக்கிறதப் பார்த்தேன்" என்றார் அவர். பொட்டுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தமோ, சரியாகத்தான் இருந்தது.

இங்கே என் கேள்வி கொஞ்சம் தடுமாறியது. அத்தோ சூடான பண்டமே இல்லை. நூடுல்ஸ் ஆறித்தான் இருக்கும். சூடாக என்ன இருக்கு என்றதும் கடைக்காரர் பேசாமல் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப்பை ஊற்றி முன்னால் வைத்தார். பதில் வந்துவிட்டது. சூப் தீர்ந்ததும் கேட்காமலே இன்னொரு கரண்டி விழுந்தது. பேஜோ ஊறிப்போவதற்குள் தட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் யாரும் அங்கே பேசுவதில்லை. நின்றபடி, வியர்த்தபடி, அவசரமாகச் சாப்பிடுகிறார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை. இட்லி, ஊத்தப்பம், இரண்டே ஐட்டம். நெய்யும் பொடியும் தாராளம். பையன் சாப்பிட்டான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வயது என்று ஒன்று இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை காலை திருவல்லிக்கேணி. இது எனக்குச் சொந்த ஊர் மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு வருடம் இங்கே ஒரு மேன்ஷனில் இருந்தேன். ஒரு கட்டில், ஒரு ஆணி, ஆணியில் ஒரு சட்டை. கீழே தெருவில் மெஸ். மெஸ் என்பது ஹோட்டல் இல்லை. மாதம் பிறந்ததும் பணம் கட்டினால் மாதம் பூராவும் சாப்பாடு. ஒரு தடவை காய்ச்சலில் மூன்று நாள் இறங்கிப் போகவில்லை. நான்காம் நாள் போனபோது மெஸ்காரம்மா இலையைப் போடவில்லை. ஒரு கிண்ணத்தில் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து வைத்தார். "மூணு நாளா ஆளக் காணும், முகத்தப் பார்த்தாத் தெரியாதா?" கணக்கில் அந்த மூன்று நாளையும் கழிக்கவில்லை, அது வேறு விஷயம்.

இதை மருமகனுக்குச் சொல்லிக்கொண்டே ரத்னா கபேக்குள் நுழைந்தேன். 1948இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து வந்த குடும்பம். ஊர் பேர் பெற்ற சாம்பாரைப் போட்டவர்கள் வடக்கே இருந்து வந்தவர்கள் என்பது எனக்கே பின்னாளில்தான் தெரிந்தது. அங்கே சாம்பார் தொட்டுக்கொள்கிற வஸ்து இல்லை. இட்லி முழுகுகிற வரை ஊற்றுவார்கள். இட்லியில் மாவு புளித்துப் பொங்கிய கண்கள் இருக்கிறதல்லவா, அவை வழியாகச் சாம்பார் உள்ளே இறங்கும். கொஞ்ச நேரத்தில் தட்டு வறண்டுவிடும். கையைத் தூக்கினால் மறுபடி ஊற்றுவார்கள். பார்சலில் சாம்பார் ஒரு பொட்டலம், கட்டி முடித்தால் முடிந்தது. இங்கே அதற்குக் கணக்கே இல்லை. பையன் எத்தனை தடவை கையைத் தூக்கினான் என்று நான் எண்ணினேன். சொன்னால் கோபித்துக்கொள்வான்.

மத்தியானம் அண்ணா சாலை புகாரி. 1951இல் தொடங்கிய ஹோட்டல். சிக்கன் 65 இங்கே 1965இல் பிறந்ததால்தான் அந்தப் பெயர் என்பது அவர்கள் சொல்வது. 65 மிளகாய் போட்டது, 65 நாள் ஆன கோழி என்று ஊருக்குள் வேறு கதைகளும் உண்டு. மருமகன் தன் பங்குக்கு, பட்டியலில் 65ஆவது எண்ணாக இருந்ததால் என்றான். எதை நம்பினாலும் ருசி மாறாது. பிரியாணியும் 65ம் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து மூவரும் சாயங்காலம் ஆறு மணி வரை தூங்கினோம். ராத்திரிக்கு மோர் மட்டும்.

புதன்கிழமை ராத்திரி போன் வந்தது. "மாமா, ரூம் பக்கத்துத் தெருவுல ஒரு பாட்டி இட்லிக் கடை வெச்சிருக்காங்க. மூணு மாசமா அந்த வழியாத்தான் போறேன், கவனிக்கவே இல்ல."

"சூடா என்ன இருக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'ஒண்ணும் இல்ல, இப்பத்தான் ஊத்தியிருக்கேன், பத்து நிமிஷம் உட்காரு'ன்னாங்க."

"அப்புறம்?"

"உட்கார்ந்திருக்கேன் மாமா."