பத்து டாலருக்கு ஒரு ரயில் பாதை! நியூயார்க் ஹை லைனைக் காப்பாற்றியது செடிகள் அல்ல

[திரையில்: ஒரு பழைய பத்து டாலர் நோட்டு]

பத்து டாலர். அன்றைய நம் மதிப்பில் நூற்றுச் சொச்சம் ரூபாய். 1984-இல் ஒரு மனிதர் இந்தத் தொகையைக் கொடுத்து, மன்ஹாட்டனின் மேற்குப் பக்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு ரயில் பாதையை வாங்கினார். தண்டவாளம், இரும்புத் தூண்கள் எல்லாம் சேர்த்துத்தான்.

வணக்கம். இன்று ஹை லைன் என்ற பெயரில் உலகமே வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் பூங்காதான் அது. இதைப் பற்றிய வீடியோக்களில் எல்லாரும் பூச்செடிகளைக் காட்டுவார்கள். நான் சொத்துப் பத்திரத்தைக் காட்டப்போகிறேன். தயவுசெய்து வேறு வீடியோவுக்குப் போய்விடாதீர்கள், சுவாரசியமே அதில்தான் இருக்கிறது.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பத்தாவது அவென்யூவில் சரக்கு ரயில்கள் சாலை மட்டத்திலேயே ஓடின. அடிபட்டு இறந்தவர்கள் ஏராளம். 'மரணச் சாலை' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. ரயிலுக்கு முன்னால் ஒருவர் குதிரையில் சிவப்புக் கொடி ஆட்டிக்கொண்டே போய் ஆட்களை விலக்குவார். நம்புங்கள், 1941 வரை இது நடந்தது. இதற்குத் தீர்வாக 1934-இல் ஒன்பது மீட்டர் உயரத்தில் புதிய பாதை வந்தது. தொழிற்சாலைகளின் மாடிக்குள்ளேயே ரயில் நுழைந்து சரக்கை இறக்கியது. பிறகு லாரிகள் வந்தன, ரயிலுக்கு வேலை குறைந்தது. 1980-இல் ஓடிய கடைசி ரயிலில் மூன்று பெட்டி நிறைய உறைந்த வான்கோழிகள். வழியனுப்பு விழாவுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத விருந்தினர்கள் கிடைக்கமாட்டார்கள்.

இனி நம் பத்து டாலர்க்காரர். பெயர் பீட்டர் ஆப்லெட்ஸ். செல்சி பகுதிவாசி, ரயில் பைத்தியம். ரயில் யார்டை ஒட்டிய ஒரு பழைய ரயில்வே கட்டடத்தில் குடியிருந்தார். பக்கத்திலேயே அவர் புதுப்பித்து வைத்திருந்த பழைய ரயில் சாப்பாட்டுப் பெட்டிகள். நண்பர்களுக்கு விருந்து அவற்றுக்குள்தான். இப்படிப்பட்ட ஆளிடம் 'பாதையை இடிக்கப்போகிறோம்' என்றால் சும்மா இருப்பாரா?

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. ரயில் நிறுவனம் ஒரு பாதையைக் கைவிட நினைத்தால், 'நான் வாங்கி ரயில் ஓட்டுகிறேன்' என்று வேறொருவர் முன்வரலாம். ஆப்லெட்ஸ் முன்வந்தார். அப்போது பாதையை வைத்திருந்த கான்ரெயில் என்ற ரயில் நிறுவனமும் சம்மதித்தது. ஏன் சம்மதிக்காது? அந்த இரும்பை இடித்து அகற்றவே லட்சக்கணக்கான டாலர் வேண்டும். தலைவலியை ஒருவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

பாதைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள்தான் கொதித்தார்கள். பாதை போனால் கட்டடம் கட்டலாம் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். வழக்கு, மேல் முறையீடு என்று இழுத்தது. இவரிடம் ரயில் ஓட்டும் அளவுக்குப் பணமில்லை என்று 1986-இல் விற்பனை ரத்தானது. ஆப்லெட்ஸ் தோற்றார். 1996-இல் இறந்தும்விட்டார். பூங்காவில் ஒரு செடியைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஆனால், என் கணக்கில் பூங்காவின் முதல் தோட்டக்காரர் அவர்தான். வழக்கு நடந்த காலமெல்லாம் இடிக்கும் வேலை தள்ளிப்போனது. ஜல்லிக் கற்களுக்கு இடையே விதைகள் தானாக விழுந்து, புல்லும் பூவுமாக ஒரு காடு வளர்ந்தது. ஆளில்லாத பாதைதான், ஆனால் சட்டப்படி அது இன்னும் ரயில் பாதை.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1983-இல் வந்த ஒரு சட்டத் திருத்தத்தின்படி, ஓடாத ரயில் பாதையை 'பின்னால் தேவைப்படலாம்' என்று இருப்பில் வைத்துவிட்டு, அதுவரை நடைபாதையாகப் பயன்படுத்தலாம். சட்டப்படி கைவிட்டுவிட்டாலோ இந்த வாய்ப்பு போய்விடும். ஹை லைனுக்குப் பின்னால் கைகொடுத்தது இந்த வழிதான்.

1999-இல் ஒரு வட்டாரக் கூட்டத்தில் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இருவர் தற்செயலாக அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நகரமைப்பில் எந்த அனுபவமும் இல்லை. 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் தி ஹை லைன்' அமைப்பைத் தொடங்கினார்கள். மேயர் ஜூலியானி நிர்வாகம் தன் கடைசி நாட்களில் இடிக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. இவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2003-இல் யோசனைப் போட்டி வைத்தார்கள். 36 நாடுகளிலிருந்து 720 வரைவுகள். ஒருவர் பாதை நெடுக ஒரே நீச்சல் குளம் வரைந்து அனுப்பியிருந்தார். என் ஓட்டு அதற்குத்தான். கேட்பாரில்லை.

சரி, கொதித்த நில உரிமையாளர்களை எப்படிச் சமாளித்தார்கள்? சென்னையில் வீடு கட்டியவர்களுக்கு எஃப்.எஸ்.ஐ. தெரியும், அதாவது ஒரு மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பு. 'உங்கள் நிலத்தில் கட்ட முடியாத அந்த அளவை இதே வட்டாரத்தில் நாங்கள் குறிப்பிடும் வேறு மனைக்காரர்களுக்கு விற்றுக்கொள்ளலாம்' என்று 2005-இல் நகரம் விதியை மாற்றியது. எதிர்ப்பு அடங்கியது. அப்போது பாதையை வைத்திருந்த ரயில் நிறுவனம் அதை நகரத்துக்குத் தானமாகக் கொடுத்தது. 2009 ஜூனில் முதல் பகுதி திறக்கப்பட்டது.

[திரையில்: தரைப் பலகைகளின் நெருக்கக் காட்சி]

இதை மட்டும் பாருங்கள். கான்கிரீட் பலகைகளின் முனை சீப்புப் பற்கள் போலப் பிரிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த இடைவெளியில் புல் முளைக்கிறது. நடைபாதை எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. பழைய தண்டவாளங்களுக்கு எண் போட்டுக் கழற்றி வைத்து, பலவற்றை இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தினார்கள்.

கசப்பையும் சொல்ல வேண்டும். சுற்றிலும் வாடகையும் வீட்டு விலையும் ஏறின. பாதை ஓரத்து அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த எளியவர்களுக்கு இந்தப் பூங்கா தங்களுக்கானது என்று தோன்றவே இல்லை. அந்த மக்கள் விஷயத்தில் தோற்றுவிட்டோம் என்று ஹாமண்டே பின்னால் ஒப்புக்கொண்டார். வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டோமே தவிர, உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை என்பது அவருடைய வருத்தம். இப்போது மற்ற ஊர்க்காரர்கள் அதே தவறைச் செய்யாமலிருக்க அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டமைப்பே நடத்துகிறார்கள்.

உங்கள் ஊரில் பறக்கும் ரயிலுக்கோ மேம்பாலத்துக்கோ அடியில் குப்பை மண்டிக் கிடக்கும் இடம் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அது எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது என்பதையும் விசாரித்துச் சேர்த்து எழுதினால், அடுத்த வீடியோவுக்கு எனக்குப் பாதி வேலை மிச்சம்.