கேனன் மில்ஸ்: ஒரு பஞ்சாலை ஊரின் ஏற்றமும் இறக்கமும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கான்கார்டு என்னும் ஊரில், 1887ஆம் ஆண்டு ஜேம்ஸ் வில்லியம் கேனன் ஒரு பஞ்சாலையைத் தொடங்கினார். நூலையும் சாதாரணத் துணியையும் விற்பதைவிடக் குளியல் துண்டு விற்பதில் லாபம் அதிகம் என்று கண்டுகொண்ட அவர், 1906இல் அருகிலிருந்த பண்ணை நிலங்களை வாங்கி, ஆலையோடு சேர்த்து ஓர் ஊரையே எழுப்பினார். கன்னாபொலிஸ் என்ற அந்த ஊரில் தொழிலாளர் குடியிருந்த மர வீடுகள் முதல் தெருக் குப்பை அள்ளுவது வரை கம்பெனியின் பொறுப்பு. 1984 வரை அதற்கென நகராட்சியே கிடையாது.

(காட்சி: ஆலைக் குடியிருப்பின் பழைய படங்கள்)

1921 முதல் 1971இல் இறக்கும்வரை கம்பெனியை நடத்திய மகன் சார்லஸ் கேனன், கடனையும் அண்டவிடவில்லை, தொழிற்சங்கத்தையும் அண்டவிடவில்லை. வாடகை குறைவுதான், ஆனால் வேலை கொடுப்பவரே வீட்டுக்காரராகவும் இருக்கும் ஊரில் எதிர்த்துப் பேச எத்தனை பேர் துணிவார்கள்? கறுப்பினத்தவருக்கோ, இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வரும்வரை, தெற்கத்திய ஆலைகளில் தறியருகே பெரும்பாலும் இடமே இல்லை.

மலிவான இறக்குமதிதான் இந்த ஆலையைக் கொன்றது என்பது பொதுவான பேச்சு. இறக்குமதியின் அடி பலமானதுதான்; எனினும் அதைத் தாங்கும் வலுவைக் கம்பெனி அதற்கு முன்பே இழந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். 1982இல் டேவிட் மர்டாக் என்ற முதலீட்டாளர் அதை 41.3 கோடி டாலருக்கு வாங்கினார். பின்னர் ஓய்வூதிய நிதி கலைக்கப்பட்டு, உபரித் தொகை எடுத்துக்கொள்ளப்பட்டது. ஓய்வூதியம் வழங்கும் பொறுப்பு எக்சிகியூட்டிவ் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்திடம் சென்றது. 1991இல் அந்த நிறுவனம் நொடித்துப்போகவே, வாழ்நாள் முழுதும் பஞ்சுத் தூசியில் உழைத்தவர்களின் மாதத் தொகையில் ஏறத்தாழ 30 சதவீதம் வெட்டு விழுந்தது.

இதற்கிடையே, 1986இல் ஆலை ஃபீல்டுகிரெஸ்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. 1997இல் பில்லோடெக்ஸ் நிறுவனம் பெருங்கடன் பட்டு இரண்டையும் சேர்த்து வாங்கியது. கால் நூற்றாண்டு முயற்சிக்குப் பின் 1999இல் தொழிலாளர்கள் சங்கத்துக்கான வாக்கெடுப்பில் வென்றார்கள். மறு ஆண்டே கம்பெனி திவால் மனு கொடுத்தது. 2003 ஜூலை 30 அன்று ஆலைகள் ஒரேயடியாக மூடப்பட, 7,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். வட கரோலினா அதுவரை கண்டிராத அளவுக்குப் பெரிய ஆட்குறைப்பு அது.

(காட்சி: ஆலை இடிக்கப்படுதல்)

ஆலை நின்ற இடத்தை மர்டாக்கே ஏலத்தில் மீண்டும் வாங்கினார். இப்போது அங்கே இருப்பது ஓர் ஆராய்ச்சி வளாகம். கேனன் என்ற பெயரோ, சொந்தமாக ஒரு தறிகூட இல்லாத ஐகானிக்ஸ் என்ற பிராண்டு நிறுவனத்திடம் 2007இல் விலைபோனது.