கார் சாவியைக் கொடுத்துவிடுங்கள்! அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களங்களுக்கு ஒரு குட்டிப் பயணம்

காரை நிறுத்துகிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து சாவியைக் கேட்கிறார். யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். கெட்டிஸ்பர்க்கில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் உங்கள் காரை அவர்களே ஓட்டிக்கொண்டு போர்க்களத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். 1915 முதல் இதுதான் வழக்கம். தேர்வு எழுதித் தேறினால்தான் உரிமம். முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

வணக்கம் மக்களே! வரலாறு ஒரே மூச்சில்: 1861 முதல் 1865 வரை, அடிமை முறையை விட மனமில்லாமல் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு வடக்கு மோதியது, ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள், வடக்கு ஜெயித்தது. போதும், பயணத்துக்கு வருவோம்.

ஒரே வாரத்தில் பத்துப் போர்க்களம் என்று திட்டம் போடுபவர்கள் உண்டு. வேண்டாம். மூன்றாவது இடத்திலேயே எல்லாம் ஒரே புல்வெளி, ஒரே பீரங்கி என்று அலுத்துவிடும். பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க், மேரிலாந்தில் ஆன்டிட்டம், இந்த இரண்டு போதும். வாஷிங்டனில் இறங்கி வாடகைக் கார் எடுங்கள். பஸ்ஸையும் ரயிலையும் நம்ப முடியாது. ஜூலையில் வெயிலும் கூட்டமும் பிழியும். அக்டோபர் அருமை.

முதலில் கெட்டிஸ்பர்க். 1863 ஜூலை 1 முதல் 3 வரை, மூன்றே நாளில் செத்தவர், காயப்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் என்று சுமார் 51,000 பேர். இன்று அங்கே 1,300-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். நான் மயங்கியது குதிரைச் சிலைகளில்.

உங்கள் வாட்ஸ்அப்புக்கும் இது வந்திருக்கும்: சிலையில் குதிரை ஒரு காலைத் தூக்கியிருந்தால் வீரர் காயப்பட்டவர், இரண்டு கால் தூக்கியிருந்தால் போரில் செத்தவர், நான்கும் தரையில் இருந்தால் தப்பித்தவர். பொதுவாக இது சுத்தக் கட்டுக்கதை. ஆனால் கெட்டிஸ்பர்க்கில் ரொம்ப காலம் அது அப்படியே பொருந்தி வந்தது! முதல் நாளே செத்த வடபடைத் தளபதி ரெனால்ட்ஸின் குதிரைக்கு இரண்டு கால் மேலே. காயப்பட்ட இன்னொரு வடபடைத் தளபதி ஹான்காக்கின் குதிரைக்கு ஒன்று. வடபடைத் தலைமைத் தளபதி மீடுக்குக் கீறல்கூட இல்லை, நான்கும் தரையில். அப்புறம் 1998-ல் தென்படைத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டுக்குச் சிலை வைத்தார்கள். பீடமே இல்லாமல் தரையோடு நிற்கும் அந்தக் குதிரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. மனிதருக்கு கெட்டிஸ்பர்க்கில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் வேறொரு போரில், சொந்த ஆட்களின் குண்டே பாய்ந்துதான் காயப்பட்டார். குதிரைக்கு முன்பே தெரிந்துவிட்டதோ என்னவோ!

இதே லாங்ஸ்ட்ரீட்தான் மூன்றாம் நாள், "இந்தத் தாக்குதல் வேண்டாம்" என்று தலைமைத் தளபதி லீயிடம் மன்றாடினார். லீ கேட்கவில்லை. சுமார் 12,500 பேர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் திறந்தவெளியில் நடந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் செத்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். தென்படைத் தளபதி பிக்கெட்டின் பெயரால் 'பிக்கெட்டின் தாக்குதல்' என்பது இதுதான். காரில் போகாமல் நடந்து பாருங்கள். தூரத்திலிருந்து சமதரை மாதிரி தெரியும். நடந்தால் தரை இறங்கி ஏறும், பள்ளத்தில் எதிரி வரிசையே மறையும். கொஞ்சம் பாதுகாப்பு என்று நினைக்கும்போது சாலையோரம் மரவேலி வரும். அன்று அதை ஏறிக் குதித்தவர்கள்மேல் துப்பாக்கிகள் நேருக்கு நேர் வெடித்தன. லீ ஏன் தோற்றார் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஏறவில்லை, அந்த வேலிக்குப் பக்கத்தில் நின்றபோது ஏறியது.

ஆன்டிட்டம், 1862 செப்டம்பர் 17. ஒரே நாளில் சுமார் 23,000 பேர் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். இங்கே பர்ன்சைட் பாலத்தை மட்டும் தவறவிடாதீர்கள்: சின்னக் கல் பாலம்தான், ஆனால் எதிர்க்கரை மேட்டில் பதுங்கிய தென்படையின் சில நூறு ஜார்ஜியா மாநிலத்துக்காரர்கள் வடபடையினர் ஆயிரக்கணக்கானவர்களை மூன்று மணி நேரம் மறித்துவைத்தார்கள். டிசம்பர் முதல் சனிக்கிழமை அன்று அன்று செத்த, காயப்பட்ட, காணாமல் போன ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவத்தி என 23,000 விளக்கு ஏற்றுவது வழக்கம். அதற்குக் கார் வரிசை நீளும், வயிற்றைக் கவனித்துவிட்டுப் போங்கள்.

முக்கியமான விஷயம்: பழைய துப்பாக்கிக் குண்டு கண்ணில் பட்டால் தொடாதீர்கள், எடுப்பது குற்றம். மெட்டல் டிடெக்டருக்கும் தடை. ஆசையாக இருந்தால் கெட்டிஸ்பர்க் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கலாம். வர்ஜீனியா பக்கத்துக்கும் வீடியோ வேண்டுமா? கமெண்டில் எழுதுங்கள், அப்படியே அந்த லைக்கையும் தட்டிவிடுங்கள்.