எழுத்து: புதுக்கவிதை வளர்ந்த வீடு

[திரையில்: 'எழுத்து' இதழின் பழைய அட்டைகள்]

1959 ஜனவரியில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை வெளிவந்தது. பெயர் 'எழுத்து'. நடத்தியவர் சி.சு.செல்லப்பா. 'வாடிவாசல்' எழுதினாரே, அவரேதான்.

இலக்கிய விமர்சனத்துக்காகத்தான் அவர் இதைத் தொடங்கினார். ஆனால் இன்று நாம் 'எழுத்து'வை நினைப்பது கவிதையால்.

யாப்பை விட்டு எழுதும் கவிதை, அதாவது புதுக்கவிதை, அதற்கு முன்பே தமிழில் வந்துவிட்டது. 1934-இல் 'மணிக்கொடி' இதழில் ந.பிச்சமூர்த்தி எழுதினார். அப்புறம் அந்த முயற்சி மெல்ல ஓய்ந்துபோனது. யாப்பில்லாததைக் கவிதை என்று ஏற்கப் பண்டிதர்கள் தயாராக இல்லை, பெரிய பத்திரிகைகளும் இடம் தரவில்லை. செல்லப்பா தந்தார். முதல் இதழிலேயே பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' வந்தது.

[திரையில்: திருகோணமலை, நாகர்கோவில், சேலம் குறித்த வரைபடம்]

அந்த ஒரு கவிதையைப் பார்த்து, நாமும் எழுதலாம் என்று பலருக்குத் துணிச்சல் வந்தது. சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்ற பெயரில் 'உன் கை நகம்' எழுதினார். 1960-இல் இலங்கையின் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுதான். ஊர் பேர் தெரியாத ஒரு பையனுக்குப் பக்கம் ஒதுக்கியதைத்தான் செல்லப்பா செய்த மிகப் பெரிய காரியமாக நான் மதிக்கிறேன். 1962-இல் சி.மணியின் 'நரகம்' வந்தது. நகரத்து இளைஞனின் தாபத்தை இவ்வளவு நீளமாக, இவ்வளவு கூச்சமில்லாமல் சொன்ன கவிதை அன்று புதுசு.

அதே ஆண்டில் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' நூலை செல்லப்பாவே வெளியிட்டார்.

[திரையில்: தோளில் பையுடன் நடக்கும் ஒருவரின் கோட்டோவியம்]

சரி, பணம்? விளம்பரம் இல்லை, சந்தாதாரர்கள் கொஞ்சம் பேர். மனைவியின் நகைகள் விற்கப்பட்டன. எழுத்து பிரசுரப் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் செல்லப்பா. எழுத்தில் வந்ததையெல்லாம் அவரே படித்துத் தேர்ந்தெடுத்தார். கவிதைகளைப் பற்றி விளக்கக் கட்டுரைகளும் எழுதினார். வாசகருக்குப் புரியவில்லை என்றால் அது தன் வேலை என்றே நினைத்தவர் அவர்.

1968-இல் 'எழுத்து' காலாண்டிதழானது, 1970-இல் நின்றது. அதற்குள் சி.மணி சேலத்திலிருந்து 'நடை' இதழைக் கொண்டுவந்திருந்தார். 1970 அக்டோபரில் சென்னையில் 'கசடதபற' இதழ் தொடங்கியது. புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்கு அனுப்ப இடம் இருந்தது.