கறுப்புக் கரைப் பத்திரிகை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

என் அப்பாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரியாக்கி, பக்கமாக்கி மெஷினுக்கு அனுப்புவது அவர் தொழில். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், 1980 மகாமகத்துக்கு வந்து குவிந்த விளம்பரத் தாள்கள் எல்லாவற்றிலும் அவர் விரல் பட்டிருக்கிறது.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள் நான். இடது கையில் ஸ்டிக், அதாவது எழுத்துகளை வரியாக அடுக்கும் சின்னத் தட்டு. வலது கை, எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும் கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். கண் மட்டும் எழுதிக் கொடுத்த தாளை விட்டு நகராது. ஒவ்வோர் அச்செழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சின்னதாகக் காடி வெட்டியிருக்கும். கட்டைவிரல் அதைத் தடவியதுமே எழுத்து எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். 'கொ' என்று கோக்க மூன்று அச்சு வேண்டும்: கொம்பு, ககரம், கால். கு, சு, டு போன்றவை தனித்தனி வார்ப்பு. அதனால் ஆங்கிலக் கேஸைவிடத் தமிழ்க் கேஸில் கட்டங்கள் மிக அதிகம். எது எந்தக் கட்டத்தில் என்று அப்பா யோசித்து நான் பார்த்ததில்லை. ஸ்டிக்கில் வரிகள் தலைகீழாக, இடவலம் மாறி நிற்கும். அதை அவர் செய்தித்தாள் படிக்கும் வேகத்தில் படிப்பார்.

1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் முன்பு இருந்த தும்பிக்கை போன்ற வளைவு போயிற்று. ணா, றா, னா துணைக்காலோடு வந்தன. அப்பா மனப்பூர்வமாக வரவேற்றார். ஆனால் விலை கொடுத்து வாங்கிய பழைய அச்சுகளை உடனே உருக்கப் போட எந்த முதலாளிக்கு மனம் வரும்? கொஞ்ச காலம் இரண்டும் புழங்கின. ஒரே பத்திரிகையில் பழையதும் புதியதும் கலந்துவிடாமல் காப்பது அப்பாவின் பொறுப்பாயிற்று.

அச்செழுத்து ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தது. ஈயம் உடம்புக்கு ஆகாது என்பது அம்மாவின் தீராத கவலை. மாலையில் வந்ததும் அப்பா நேராகக் கிணற்றடிக்குத்தான் போவார். சீயக்காய்த் தூள் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். நகக்கண்ணில் கறுப்பு இருந்தால் அம்மா திருப்பி அனுப்புவாள். அதுவரை என் கடைசித் தங்கை நிலைப்படியில் உட்கார்ந்து காத்திருப்பாள், அப்பா தூக்கிக்கொள்ள வேண்டும் என்று. ஒருநாளும் கழுவாத கையால் அவர் எங்களைத் தொட்டதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கருமாதிப் பத்திரிகையைப் பற்றி. கறுப்புக் கரை போட்டு வரும் அந்தத் தாளை யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. படித்தவுடன் கிழித்துப்போடுவதுதான் வழக்கம். அதனால் அந்த வேலையை ஏனோதானோ என்று முடிப்பவர்கள் உண்டு. அப்பா அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். துக்க வீட்டிலிருந்து வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "பெயர்களை மட்டும் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள்" என்பார். ஒரு வீட்டில் தனலட்சுமி, இன்னொரு வீட்டில் தனலெட்சுமி. அவரவர் எழுதுவதுதான் அவரவர் பெயர் என்பது அவர் கட்சி. மகள்களையும் மருமகன்களையும் பேரப்பிள்ளைகளையும் வரிசை மாறாமல் கோப்பார். ப்ரூஃப் எடுத்து, எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிப்பார். இறந்தவருக்கு நாம் செய்கிற கடைசி வேலை, அதில் பிழை இருக்கலாமா என்று கேட்பார். ராத்திரி எத்தனை மணியானாலும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். அம்மா சோற்றில் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருப்பாள்.

ஈய எழுத்து தேவைப்படாத ஆஃப்செட் அச்சும் கம்ப்யூட்டரும் வந்தன. எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து எங்கள் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டார். அடுத்த வாரமே, கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் ஒரு டிடிபி கடையில் பிழை திருத்துபவராகச் சேர்ந்துவிட்டார். மூன்று பெண்களைப் படிக்கவைக்க வேண்டுமே! அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையனுக்கு, வார்த்தைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டால் கண் இடறாமல் ஓடும் என்பதைத் திரையிலேயே விரலை வைத்துக் காட்டிக் கொடுத்தார்.

அப்பா காலமானபோது பத்திரிகை அடிக்க அந்தக் கடைக்குத்தான் போனேன். பையன் இப்போது முதலாளி. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்து, "பெயர்களை நீங்களே எழுதிவிடுங்கள் அக்கா" என்றான். எழுதுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புத்தகம் எதுவானாலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் அதில் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டின் சட்டமே சொன்னது. எழுத்துக் கோத்தவர் பெயரைப் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் ஈய எழுத்தில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கலாம். உங்கள் தெருவில், உங்கள் உறவில் கம்பாசிட்டராக இருந்த ஒரு தாத்தாவும் இருக்கலாம். அவரிடம் அந்தப் பத்திரிகையை எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர் கோத்ததாக இருந்தால், பின்பக்கத்தில் அவர் பெயரை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.